எழுபதுகளின் ராக் கச்சேரிப் பதிவுகள்: புதிதாகச் சேகரிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பிங்க் ஃபிளாய்ட் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை வெளியிட்டது 1973 மார்ச்சில். ஆனால் 1972 பிப்ரவரியிலேயே லண்டன் ரெயின்போ தியேட்டரில் அதை முழுசாக மேடையில் வாசித்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து டேப்பில் பிடித்த அந்தக் கச்சேரி, ஆல்பம் வருவதற்கு முன்பே கள்ள இசைத்தட்டாகச் சுற்றியது. இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது. ஆல்பத்தில் சின்தசைசர் ஓட்டமாக நாம் அறிந்த பகுதி, அப்போது கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து போகும் வேறொரு வாசிப்பு. ஒரு பாட்டு உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதைக் கேட்க இந்த மாதிரிப் பதிவுகளை விட்டால் வழி இல்லை.

ஆல்பங்களை மட்டும் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை கச்சேரி வைத்திருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு பதிவும் எங்கே, எந்தக் கருவியில் பிறந்து, எத்தனை கை மாறி உங்களிடம் வந்தது என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் சேகரிப்பு. கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: ஒரே பேண்டில் தொடங்குங்கள்

என் பரிந்துரை கிரேட்ஃபுல் டெட். அவர்களின் இசை உங்களுக்கு உடனே பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள். ஒரு நாள் வாசித்த வரிசையை மறுநாள் வாசிக்க மாட்டார்கள். ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984இல் மைக் ஸ்டாண்டுகளோடு வருபவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனைதான்: பரிமாறிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 2002 முதல் இயங்கும் நேரடி இசைத் தொகுப்பில் இந்த ஒரு பேண்டுக்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. எல்லாம் தேதிவாரியாக, குறிப்புகளோடு. இலவசம்.

படி 2: பதிவு வகைகளைக் காதால் பழகுங்கள்

சவுண்ட்போர்டு பதிவு என்றால் அரங்கின் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே டேப்புக்குப் போனது. குரலும் கருவிகளும் பக்கத்தில் கேட்கும், கைதட்டல் எங்கோ தூரத்தில் இருக்கும். ஆடியன்ஸ் பதிவு என்றால் கூட்டத்தில் இருந்தவர் மைக் வைத்துப் பிடித்தது. அரங்கின் எதிரொலி, பக்கத்து இருக்கைக்காரரின் விசில் எல்லாம் சேர்ந்து வரும். எஃப்.எம். பதிவு வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்தது. மேட்ரிக்ஸ் என்பது சவுண்ட்போர்டையும் ஆடியன்ஸையும் பிற்பாடு யாரோ பொறுமையாக ஒன்றாகக் கலந்தது.

சவுண்ட்போர்டுதான் எப்போதும் உசத்தி என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். எழுபதுகளின் பதிவுகளுக்கு அது பொருந்தாது. சிறிய அரங்கில் கிட்டார் ஆம்ப் மேடையிலிருந்தே செவியைப் பிளக்கும் சத்தத்தில் இருக்கும். அதனால் மேசை வழியாக அதைக் கொஞ்சமாகத்தான் அனுப்புவார்கள், குரலைத்தான் தூக்கிவிடுவார்கள். அந்த மேசையிலிருந்து எடுத்த டேப்பில் பாடகர் காதுக்குள்ளேயே நிற்பார், கிட்டார் பக்கத்து அறையில் கேட்கும். அதே இரவை நல்ல இடத்தில் உட்கார்ந்து பிடித்த ஆடியன்ஸ் பதிவில் பேண்ட் முழுசாகக் கிடைக்கும். நான் பெரும்பாலும் ஆடியன்ஸ் பக்கம்தான்.

படி 3: ஒரு தேதியை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போங்கள்

1977 மே 8, நியூயார்க் மாநிலம் இதாகா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். சேகரிப்பவர்கள் மத்தியில் இவ்வளவு பேசப்பட்ட கச்சேரி வேறு இல்லை. இது புகழ்பெற்றதற்குக் காரணம் வாசிப்பு மட்டும் இல்லை, டேப்பும்தான். பேண்டின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் அரங்கத்துக்கான கலவையை அப்படியே எடுக்காமல், பதிவுக்கென்றே தனியாகக் கலந்து ரீல் டேப்பில் எடுத்தார். அதனால்தான் அவருடைய டேப்புகளில் பேஸ் கிட்டார்கூட அவ்வளவு தெளிவு.

பிறகு அந்த ரீல்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. வாடகை கட்ட முடியாமல் போகவே, 1986இல் கிடங்குச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்படி வெளியே வந்த டேப்புகளின் நகல்கள்தான் ‘பெட்டி போர்ட்ஸ்’ என்ற பெயரில் கேசட் கேசட்டாக அமெரிக்கா முழுக்கப் பரவின. இந்தக் கச்சேரிப் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் அதிகாரபூர்வ வெளியீடும் வந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஆர்க்கைவ் தளத்தில் இந்தத் தேதியைத் தேடுங்கள். ஒரே இரவுக்குப் பல பதிவுகள் வரிசையாக வரும். சவுண்ட்போர்டு ஒன்று, ஆடியன்ஸ் ஒன்று, மேட்ரிக்ஸ் ஒன்று திறந்து, ஒரே பாட்டை மூன்றிலும் கேளுங்கள். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ நிற்காமல் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ பாட்டுக்குள் இறங்கும் இடம் இதற்கு அருமையாகப் பொருந்தும். படி 2இல் சொன்னது எல்லாம் அந்த ஒரு இடத்திலேயே புரிந்துவிடும்.

இந்தத் தளத்தில் கிரேட்ஃபுல் டெட்டின் சவுண்ட்போர்டு பதிவுகளை 2005 நவம்பர் முதல் கேட்க மட்டும்தான் முடியும். ஆடியன்ஸ் பதிவுகளை டவுன்லோடு செய்துகொள்ளலாம். பேண்ட் தரப்பின் முடிவு அது, மதித்துவிடுங்கள். சவுண்ட்போர்டு சொந்தமாக வேண்டும் என்றால் அதிகாரபூர்வ வெளியீட்டை வாங்கலாம். 1993 முதல் 2005 வரை வந்த ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசையும் 2012இல் தொடங்கிய ‘டேவ்ஸ் பிக்ஸ்’ வரிசையும் இதற்காகவே வெளியிடப்பட்டவை.

படி 4: குறிப்பு ஃபைலைப் படியுங்கள்

ஒவ்வொரு பதிவோடும் ஒரு சின்ன எழுத்து ஃபைல் வரும். பலர் இதை அழித்துவிடுகிறார்கள். பாட்டை விட்டாலும் விடுங்கள், இதை விடாதீர்கள். எந்த மைக், எந்த ரெக்கார்டர், அரங்கில் எந்த இடம், அப்புறம் டேப் எப்படிக் கணினிக்கு வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். ‘மாஸ்டர் கேசட், அதிலிருந்து டேட், அதிலிருந்து சி.டி., அதிலிருந்து ஃப்ளாக்’ என்பது போல ஒரு சங்கிலி. மாஸ்டர் என்றால் அரங்கிலேயே பதிந்த மூல டேப், டேட் என்றால் டிஜிட்டல் ஒலி டேப், ஃப்ளாக் என்றால் ஒலித்தரம் குறையாமல் சுருக்கி வைக்கும் கணினி ஃபைல் வடிவம். சேகரிப்பவர்கள் இதை லீனியேஜ் என்பார்கள்.

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஹிஸ் இரைச்சல் ஏறும், சிம்பலின் மினுமினுப்பு மங்கும். மாஸ்டருக்கு அடுத்த நகல் முதல் தலைமுறை, அதற்கடுத்தது இரண்டாவது, இப்படியே போகும். நான்காவது தலைமுறைக்கு மேல் போன கேசட்டை வேறு வழியே இல்லை என்றால்தான் வைத்துக்கொள்வேன். டிஜிட்டலுக்கு வந்த பிறகு எத்தனை முறை நகலெடுத்தாலும் தரம் குறையாது. அதனால் சங்கிலியில் டிஜிட்டலுக்கு முந்தைய கண்ணிகளைத்தான் எண்ண வேண்டும்.

‘பேட்ச்’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். பாட்டு நடுவில் டேப் தீர்ந்துவிட்டால் திருப்பிப் போடும்வரை பதிவு இருக்காது. அந்த இடைவெளியை வேறொருவரின் டேப்பிலிருந்து ஒட்டியிருப்பார்கள். எங்கே ஒட்டினார்கள் என்று குறிப்பில் எழுதியிருந்தால், அந்தப் பதிவைத் தயாரித்தவர் நம்பத்தக்கவர்.

படி 5: ஃப்ளாக் வடிவத்தில் எடுங்கள், சரிபாருங்கள்

எம்.பி.3 வேண்டாம். ஃபோனில் கேட்பதற்கு நீங்களே பிறகு மாற்றிக்கொள்ளலாம். சேமித்து வைப்பது ஃப்ளாக்காக இருக்கட்டும். மூன்று மணி நேரக் கச்சேரி சி.டி. தரத்தில் ஃப்ளாக்காக ஏறக்குறைய 1 ஜி.பி. வரும்.

கூடவே எம்.டி.5 அல்லது எஃப்.எஃப்.பி. என்று முடியும் ஃபைல் ஒன்று இருக்கும். டவுன்லோடில் ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று இதை வைத்துத்தான் பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. எம்.டி.5 ஃபைல் முழுவதையும் கணக்கிடுகிறது. பாட்டின் பெயரை டேக்கில் (ஃபைலுக்குள் பாட்டு விவரம் எழுதும் பகுதி) ஓர் எழுத்து மாற்றினாலும் பொருந்தாது. எஃப்.எஃப்.பி. உள்ளே இருக்கும் ஒலியை மட்டும் கணக்கிடுகிறது. டேக்கை எப்படி மாற்றினாலும் அப்படியே இருக்கும். வருடங்கள் கழித்து, உங்களிடம் இருப்பதும் இன்னொருவரிடம் இருப்பதும் ஒரே பதிவா என்று பார்க்க எஃப்.எஃப்.பி.தான் கைகொடுக்கும். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பாட்டு ஓட்டும் நிரல் ஃப்ளாக்கைப் பிழை இருக்கிறதா என்று சோதித்தும் தரும், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல் ஓட்டவும் செய்யும்.

படி 6: ஒலியைக் கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஸ்பெக் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. ஃபைலை அதில் போட்டால் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும். பழைய கேசட்டில் மேல் அதிர்வெண்கள் மெதுவாக மங்கி மறையும். படத்தில் அது ஒரு சரிவு. 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல நேராக முடிந்தால் சந்தேகப்படுங்கள். யாரோ குறைந்த தர எம்.பி.3யை ஃப்ளாக்காக மாற்றிவிட்டிருக்கலாம். ஆனால் உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். எஃப்.எம். ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதுவும் படத்தில் வெட்டியதுபோலத்தான் தெரியும். வானொலியிலிருந்து எடுத்ததற்கு அடையாளமாகப் பல டேப்புகளில் 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய நேர்கோடு ஒன்று ஓடும். அது ஸ்டீரியோ ஒலிபரப்பின் பைலட் சிக்னல். குறிப்பு ஃபைலில் எஃப்.எம். என்று இருந்து, படத்தில் அந்தக் கோடும் இருந்தால் சங்கிலி பொருந்துகிறது.

அடுத்து வேகம். பேட்டரி ரெக்கார்டரில் சார்ஜ் இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். அதனால் சில ஆடியன்ஸ் பதிவுகளில் கடைசிப் பாட்டு முதல் பாட்டைவிட அரைச் சுருதி உயர்ந்திருக்கும். சவுண்ட்போர்டு டேப் என்றால் ஒரு நல்ல வழி உண்டு: அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் 50. பாட்டுகளுக்கு நடுவில் பேச்சும் இல்லாத இடத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த நிரலில் திறந்து, மின் இரைச்சலின் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கச்சேரியில் அது 62இல் நின்றால் டேப் சுமார் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. திருத்துவதாக இருந்தால் நகலில் திருத்துங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

படி 7: பெயரிட்டுச் சேமியுங்கள்

ஃபோல்டர் பெயரில் பேண்ட், ஆண்டு-மாதம்-நாள், பதிவு வகை, இந்த வரிசையில். ஆண்டை முதலில் வைத்தால் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். குறிப்பு ஃபைலும் சரிபார்ப்பு ஃபைலும் அதே ஃபோல்டருக்குள் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல், அது வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

படி 8: அனுமதி தராத பேண்டுகள்

லெட் செப்பெலின் பதிவு செய்ய யாருக்கும் அனுமதி தரவில்லை. அப்படியும் அவர்களின் டேப்புகள்தான் அதிகம் தேடப்படுகின்றன. 1970 செப்டம்பர் 4, லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கக் கச்சேரி ‘லைவ் ஆன் ப்ளூபெரி ஹில்’ என்ற கள்ளத்தட்டாக வந்தது. அதே அரங்கில் 1977 ஜூன் 21 கச்சேரியைப் பிடித்தவர் மைக் மில்லார்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கனமான நகாமிச்சி 550 ரெக்கார்டரை அதில் மறைத்து உள்ளே கொண்டுபோவார். ஆடியன்ஸ் பதிவு எந்த உயரத்துக்குப் போக முடியும் என்று தெரிய அவருடைய டேப்புகளைக் கேட்க வேண்டும். ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் அரங்கத்தின் காற்றையும் சேர்த்துக்கொண்டு வரும்.

ஆனால் அந்த டேப்புகளைத் தட்டாக அச்சடித்து அதிக விலைக்கு விற்றவர்கள் வேறு ஆட்கள். பேண்டுக்கும் காசு போகவில்லை, பதிவு செய்தவருக்கும் போகவில்லை. அமெரிக்காவில் 1994 முதல், கலைஞரின் சம்மதமில்லாமல் நேரடிக் கச்சேரியைப் பதிவதற்கும் விற்பதற்கும் எதிராகக் கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. அதனால் புதிதாக வருபவர்கள் இந்தப் பேண்டுகளை அதிகாரபூர்வ வெளியீடுகளிலிருந்து தொடங்குங்கள். செப்பெலினின் 1972 கலிஃபோர்னியக் கச்சேரிகள் 2003இல் ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்’ என்று வந்தன. கிங் கிரிம்சன் தங்கள் பழைய கச்சேரிகளைத் தங்கள் தளத்திலேயே விற்கிறார்கள். ஃபிராங்க் ஸப்பா தன் கச்சேரிகளின் கள்ளத்தட்டுகளையே எடுத்து, 1991இல் ‘பீட் தி பூட்ஸ்’ என்ற பெயரில் தானே வெளியிட்டார். இரைச்சல், வெட்டு எல்லாம் அப்படியே இருக்கும். படி 6இல் சொன்ன சோதனைகளைப் பழக அது நல்ல பயிற்சி.

அனுமதியுள்ள பதிவை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது ஃபோல்டரை அப்படியே கொடுங்கள்: ஃப்ளாக், குறிப்பு, சரிபார்ப்பு ஃபைல் மூன்றும். காசு வாங்க வேண்டாம். நீங்கள் வேகத்தைத் திருத்தியோ பேட்ச் செய்தோ இருந்தால், என்ன செய்தீர்கள், எந்த நிரலில், எந்தத் தேதியில் என்று குறிப்பு ஃபைலின் கடைசியில் எழுதிச் சேருங்கள்.