அடையாள அட்டை ஒன்றுகூட இல்லாதவருக்கு பேங்க் கணக்கு: வேலூர் பகுதியில் செய்ய வேண்டியவை

புகைப்படம் போட்ட அரசு அட்டை எதுவும் இல்லாதவரும் வங்கிக் கணக்கு தொடங்கலாம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் 2010-லிருந்தே இதற்கு இடம் இருக்கிறது. பெயர் ‘சிறு கணக்கு’. கவுண்டரில் ‘ஸ்மால் அக்கவுண்ட்’ என்று கேட்டால்தான் புரியும். ‘ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்’ என்று கேட்டால் உடனே ஆதாரை எடுங்கள் என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஜீரோ பேலன்ஸ் கணக்கு வேறு, அட்டையே இல்லாதவருக்கான சிறு கணக்கு வேறு.

பேங்குக்குக் கிளம்பும் முன் வீட்டுப் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். ‘எதுவுமே இல்லை’ என்பவர்களில் பலரிடம் ஏதாவது ஒன்று இருக்கும். வரம்பில்லாத வழக்கமான முழுக் கணக்குக்கு வங்கி ஏற்பது ஆறு ஆவணங்கள்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, பெயரும் முகவரியும் உள்ள தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். இவற்றில் ஒன்று இருந்தாலே சிறு கணக்கு வேண்டாம், நேரே முழுக் கணக்கே தொடங்கலாம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலை ஊர்களில் அதிகம் மறந்துபோவது நூறு நாள் அட்டையைத்தான். அதில் படம் ஒட்டியிருக்கிறதா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். எப்போதோ ஆதார் எடுத்துத் தொலைத்தவர் என்றால், எண் தெரியாவிட்டாலும் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துத் தேடித் தருவார்கள். கொஞ்சம் கட்டணம் உண்டு.

ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவியின் படம் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடியாத்தம் பக்கத்துப் பீடித் தொழிலாளர் அட்டை ஆகியவையும் இதில் சேராது. ஆனாலும் கையோடு கொண்டுபோங்கள், பெயரை எப்படி எழுதுவது என்று தீர்மானிக்க உதவும்.

பெயர் விஷயத்தில் நிதானம் வேண்டும். ரேஷன் கார்டில் ‘முனியம்மாள்’, ஊரில் ‘முனியம்மா’, இனிஷியல் சில இடத்தில் அப்பாவுடையது, சில இடத்தில் கணவருடையது. பேங்க் பாரத்தில் எழுதும் அதே எழுத்துதான் பிறகு ஆதாருக்கும் போக வேண்டும். மாறினால் ஒரு வருடம் கழித்து இரண்டு ஆவணமும் ஒரே ஆளுடையதா என்ற கேள்வி வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாஸ்புக் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். போகிற எல்லா அலுவலகத்திலும் அந்தச் சீட்டைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

பேங்குக்கு நேரில் போக வேண்டியவர் கணக்கு தொடங்குபவர்தான். மகனோ மருமகளோ அவருக்குப் பதிலாகப் போக முடியாது. வங்கியின் முகவராக ஊருக்கு வரும் பேங்க் மித்ராவிடமும் இது ஆகாது, கிளை அதிகாரியின் கண்ணெதிரே நடக்க வேண்டிய காரியம் இது. மாதத்தின் முதல் பத்து நாட்களையும் திங்கட்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். சம்பளம், பென்ஷன் கூட்டத்தில் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. சமீபத்தில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் நான்கு போதும்.

இதில் பலர் தவறுவது ஒரு சின்ன இடத்தில்தான். நல்லெண்ணத்தில் யாராவது பாரத்தை வீட்டிலேயே நிரப்பி, கைநாட்டும் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பாரம் வீண். கையெழுத்தோ கைநாட்டோ தன் முன்னால்தான் வைக்கப்பட்டது என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு. அட்டைக்குப் பதிலாக இருப்பதே அந்த ஒரு வரிதான். படத்திலும் அப்படியே, அவர் தாமே கையெழுத்திட வேண்டும் அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். பீடி சுற்றுகிற, தோல் ஊறும் தொட்டியில் கைவைக்கிற விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். மையில் அழுத்தித் தேய்த்தால் கறுப்புப் பொட்டுதான் விழும். விரலைத் துடைத்து, மையை மெல்லியதாகத் தடவி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தாமல் ஒரே தடவை உருட்டினால் கோடுகள் தெரியும்.

சிறு கணக்குக்கு மூன்று வரம்புகள் உண்டு. ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, மொத்த வரவு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. எடுப்பதும் அனுப்புவதும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய். எந்த நாளிலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 9,000 ரூபாய் கூலி கணக்கில் ஏறுகிறது என்றால் பதினொரு மாதத்தில் 99,000 ஆகிவிடும். பன்னிரண்டாம் மாதச் சம்பளம் உள்ளே வராது. கூலியை இதில் போடும் மேஸ்திரிக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள். மகளிர் குழுக் கடன் 60,000 ரூபாய் வருகிறது என்றால் இந்தக் கணக்கு தாங்காது. சவுதியிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் அனுப்பும் பணமும் முழு அடையாளம் தரும்வரை இதில் ஏறாது, பேரணாம்பட்டு பக்கத்துக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சலுகை உண்டு: அரசு மானியம், நலத்திட்ட உதவி, அரசுக் கொள்முதலுக்கான பணம் ஆகியவற்றுக்கு 50,000 வரம்பு பொருந்தாது. கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பத்துக்கு வரும் மறுவாழ்வுத் தொகையை ‘லிமிட் தாண்டுது’ என்று யாராவது தடுத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

வரம்புகளைவிடப் பெரிய விஷயம், கணக்கின் ஆயுள். சிறு கணக்கு 12 மாதம்தான் ஓடும். அந்த 12 மாதத்துக்குள் மேலே சொன்ன ஆறில் ஒன்றுக்கு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியைக் காட்டினால் இன்னொரு 12 மாதம் நீட்டிப்பார்கள். அட்டை கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பித்த ரசீது போதும். பலருக்குத் தெரியாமலே போவது இதுதான். பாஸ்புக் வாங்கிய நிம்மதியில் வருடம் ஓடிவிடுகிறது, பிறகு ஒரு நாள் பணம் எடுக்கப் போனால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. அவசரத்துக்கு வைத்த காசு அவசரத்தில் கிடைக்காமல் போகிற கொடுமை அது. ஆகவே கணக்கு திறந்த அதே வாரம் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆதார் எடுக்கும் வழியே எளிது. சொந்தமாக ஆவணம் இல்லாதவர், ஆதார் உள்ள குடும்பத் தலைவரின் பேரில் பதியலாம். அவரும் மையத்துக்கு நேரில் வர வேண்டும், உறவைக் காட்ட ஆவணம் வேண்டும். பேங்கில் செல்லாத ரேஷன் கார்டு இங்கே கைகொடுக்கும். புதிதாகப் பதிய பணம் கிடையாது. 18 வயது கடந்தவர்களின் பதிவை மாநில அரசு சரிபார்த்த பிறகே எண் வரும், அதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் பதினோராவது மாதம்வரை தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். மையத்தில் தரும் பதிவுச் சீட்டில் 14 இலக்க எண்ணும் தேதியும் இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பிரதியைக் கிளையில் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். கூடவே படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலிலும் சேர்ந்துவிடுவது நல்லது. எது முதலில் வந்தாலும் சரி.

‘எங்கள் கிளையில் அப்படி எதுவும் இல்லை’ என்ற பதில் வரலாம். கோபப்பட வேண்டாம், மேனேஜரைப் பாருங்கள். கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விண்ணப்பத்தை மறுப்பதென்றால் அதிகாரி யோசித்து, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், நடந்ததைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கிளையிலேயே கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதே நகலை மாவட்ட முன்னோடி வங்கி (லீட் பேங்க்) மேலாளரிடமும், சத்துவாச்சாரியில் உள்ள கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுக்கலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்காரர்கள் 2019-க்குப் பிறகு தங்கள் மாவட்டத் தலைநகரிலேயே மனு கொடுக்க வேண்டும், வேலூருக்கு அலைய வேண்டாம்.

அட்டை வந்ததும் மூலத்தையும் நகலையும் அதே கிளைக்கு எடுத்துப்போய் ‘ஃபுல் கே.ஒய்.சி.’ செய்யச் சொல்லுங்கள். புதுக் கணக்கு தேவையில்லை. அந்த நேரம் கைரேகை மெஷினில் விழவில்லை என்று திருப்பி அனுப்பினால், ஆதார் அட்டையை வைத்தே சரிபார்க்கும் வழி உண்டு என்று சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போகும்போது, கம்ப்யூட்டரில் இன்னும் ‘ஸ்மால்’ என்றே காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.