துப்பாக்கி, வெடிகுண்டு வழக்குகளில் தடயத்தைக் கெடாமல் ஆய்வகத்தில் சேர்ப்பது எப்படி

துப்பாக்கிச் சூடு நடந்த இடத்துக்கோ குண்டு வெடித்த இடத்துக்கோ முதலில் போய்ச் சேருகிறவர் நீங்கள் என்றால், வழக்கின் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. கெட்டுப்போய் வந்த தடயத்தை எந்த ஆய்வகமும், எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும், திருப்பி நல்லதாக்க முடியாது.

முதலில் உயிர். காயம்பட்டவர்களை வெளியே கொண்டுவாருங்கள், அதில் ஏதாவது தடயம் மிதிபட்டால் படட்டும். வெடிப்பு நடந்த இடத்தில், உதவிக்கு ஓடி வருகிறவர்களைக் குறிவைத்தே இரண்டாவது குண்டு வைக்கப்பட்டிருக்கலாம். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு பார்த்துவிட்டு "சரி, போகலாம்" என்று சொல்லும்வரை தடயம் தேட யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

துப்பாக்கி கிடந்தால், கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள், தூரங்களை அளந்து குறியுங்கள், அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும். குழலுக்குள் பென்சிலை விட்டுத் தூக்கவே கூடாது, உள்ளே ரத்தமும் புகைப் படிவும் இருக்கலாம். கையுறை போட்டு, பிடியின் சொரசொரப்பான பகுதியைப் பிடித்து எடுங்கள். ரிவால்வர் என்றால் அதன் சுழல் உருளையில் தோட்டா போடும் எந்த அறை குழலுக்கு நேராக இருந்தது, எந்த அறையில் சுட்டபின் மிஞ்சிய காலி உறை, எதில் சுடாத தோட்டா என்று குறித்துக்கொண்ட பிறகே, ஆயுதம் தெரிந்த ஒருவர் தோட்டாக்களை வெளியே எடுக்க வேண்டும். வரிசை எண்ணை யாராவது ராவி அழித்திருந்தால் அதைத் துடைத்தோ தேய்த்தோ பார்க்காதீர்கள். எண்ணை அச்சடித்தபோது அடியிலுள்ள உலோகமும் அழுந்தியிருக்கும், ஆய்வகத்தில் அமிலம் தடவி அதை மீட்க முயலலாம்.

காலி உறைகளைத் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். ஒரே கவரில் போட்டால் ஒன்றோடொன்று உரசிப் புதுக் கீறல் விழும், ஆய்வகம் ஒப்பிடப்போவதே துப்பாக்கி உறையில் விட்ட நுண்ணிய கீறல்களைத்தான். 1929-இல் சிகாகோவில் காவலர் சீருடையில் வந்தவர்கள் 7 பேரைச் சுட்டுக் கொன்றபோது, சுட்டது உண்மையில் காவல்துறைத் துப்பாக்கிதானா என்ற கேள்வி எழுந்தது. துப்பாக்கித் தடய நிபுணர் கால்வின் கோடார்ட், இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பார்த்து இல்லை என்றார். சுவரில் பதிந்த துப்பாக்கிக் குண்டைக் கத்தியால் நோண்டாமல், சுற்றியுள்ள சுவர்த் துண்டோடு பெயர்த்து எடுங்கள்.

சுட்டவர் கையில் ஒட்டும் துகள்களில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒன்றாக உருகியிருக்கும் (சில புதிய தோட்டாக்களில் இவை இருக்காது). நடமாடுகிற ஆளின் கையிலிருந்து சில மணி நேரத்தில் அவை உதிர்ந்துவிடும். அதனால் கைரேகை எடுப்பதற்கு முன்பே, கை கழுவ விடாமல், ஒட்டும் பட்டையால் மாதிரி எடுத்துவிடுங்கள். மாதிரி எடுப்பவர் அன்று துப்பாக்கியைத் தொட்டிருக்கவே கூடாது. இறந்தவரின் கைகளைக் காகிதப் பையால் மூடுங்கள், பிளாஸ்டிக் போட்டால் உள்ளே ஈரம் கோத்துத் துகள் நகரும்.

வெடிப்பு நடந்த இடத்தில் எல்லை போடுவதுதான் முதல் சிக்கல். மிகத் தொலைவில் கிடைத்த சிதறலின் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது நடைமுறைக் கணக்கு. 100 மீட்டரில் ஒரு கம்பி கிடைத்தால் 150 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். பள்ளத்து மண்ணை அள்ளிச் சலியுங்கள், பேட்டரித் தகடு, ஒயர், டேப் எதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் நடந்த விமான வெடிப்பில், கருகிய சட்டையின் காலரில் சிக்கியிருந்த நகம் அளவு சர்க்யூட் துண்டுதான் விசாரணையை டைமர் தயாரித்தவர்கள் வரை கொண்டுபோனது.

ஆவியாகக்கூடிய வெடிமருந்து மாதிரி சாதாரண பாலித்தீன் பையில் நிற்காது, அதற்கான நைலான் பையோ இறுக மூடிய தகர டின்னோ வேண்டும். மாதிரியைத் துடைத்தெடுக்கும் பஞ்சில் பயன்படுத்தாத ஒன்றையும், வெடிப்பு எட்டாத இடத்து மண்ணையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அனுப்புங்கள். குண்டு வெடித்த இடத்துக்குப் போனவர் சந்தேக நபரைத் தொடக் கூடாது, இருவரும் ஒரே வண்டியில் ஏறவும் கூடாது. வெடிமருந்து பட்டிருக்கிறதா என்று நிறமாற்றத்தால் பார்க்கும் முதற்கட்டச் சோதனையை வைத்து யாரையும் குற்றவாளி என்று முடிவு செய்யாதீர்கள். 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில், 6 பேருக்கு எதிராக அப்படி ஒரு சோதனை பெரிய சாட்சியமாக வைக்கப்பட்டது. சீட்டுக்கட்டின் பூச்சிலுள்ள நைட்ரோசெல்லுலோஸ் என்ற வேதிப்பொருள்கூட அதே முடிவைத் தரலாம் என்பது பின்னால் தெரிந்தது, 1991-இல் விடுதலையாகும்போது அவர்களுக்கு 16 வருடம் போயிருந்தது.

அப்புறம், தடயத்தோடு ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதம். "ஆய்வு செய்து அறிக்கை தரவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்த உறை இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததா, எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது, விசையை இழுக்காமல் கீழே விழுந்தாலே வெடிக்குமா என்று கேள்வியாகக் கேளுங்கள். தூரம் தெரிய வேண்டுமென்றால் கைப்பற்றிய சுடாத தோட்டாக்களும் இறந்தவரின் உடையும் கூடவே போக வேண்டும். உடையைத் துவைக்காமல், நிழலில் உலர்த்தி, துளையைச் சுற்றியுள்ள கரிப்படிவு இன்னொரு மடிப்பில் ஒட்டாதபடி நடுவில் காகிதம் வைத்து மடித்து அனுப்புங்கள்.