வேர்ட்ஃபென்ஸ் பூட்டிய வேர்ட்பிரஸ் தளத்துக்குள் திரும்பும் வழி

பாஸ்வேர்டைச் சில முறை தப்பாகப் போட்டதும் சொந்தத் தளமே உள்ளே விட மறுக்கிறது. தளத்தைக் காக்கப் போட்டுவைத்த வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்புப் பிளகினின் (கூடுதல் மென்பொருளின்) வேலை அது. பதற்றத்தில் பலர் வேர்ட்ஃபென்ஸ் பெயரில் கண்ணில் படும் ஃபைலையெல்லாம் அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். தேவைப்பட்டால் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே போதும்.

அதற்கும் முன்னால், தடுப்பது யார் என்று பாருங்கள். திரையில் 503 என்ற எண்ணும் வேர்ட்ஃபென்ஸ் பெயரும் இருந்தால் பிளகின்தான். வெறும் 403 என்றால் பெரும்பாலும் ஹோஸ்டிங்கின் பாதுகாப்பு மென்பொருளான மோட்செக்யூரிட்டி, அல்லது சர்வருக்கான விதிகளை எழுதும் எச்டிஅக்சஸ் (.htaccess) ஃபைலில் உள்ள விதி. தளத்துக்கு முன்னால் நின்று வருகைகளை வடிகட்டும் சேவையான கிளவுட்ஃப்ளேரின் பெயரோடு 1020 வந்தால் அங்கே நீங்கள் போட்டுவைத்த விதியைப் பார்க்க வேண்டும். பக்கம் சுற்றிச் சுற்றி டைம் அவுட் ஆகிறது, ஆனால் வேறு இணைப்பில் திறக்கிறது என்றால் சர்வரின் ஃபயர்வாலே (தடுப்பு அரணே) உங்கள் ஐபியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணைத் தடுத்திருக்கலாம். அப்போது பிளகினைத் தொட்டுப் பயனில்லை. ஐபி எண்ணைச் சொல்லி ஹோஸ்டிங் சப்போர்ட்டிடம் கேளுங்கள்.

பிளகின்தான் என்று உறுதியானால், முதலில் மொபைல் டேட்டா. பூட்டு விழுவது பெரும்பாலும் ஐபி எண்ணின் மீதுதான். வைஃபையை அணைத்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து லாகின் செய்யுங்கள். உள்ளே போனதும் வேர்ட்ஃபென்ஸ் மெனுவில் ஃபயர்வால், அதில் பிளாக்கிங் பக்கம். பழைய ஐபியைத் தேர்ந்தெடுத்து அன்பிளாக் கொடுத்தால் வேலை முடிந்தது. தடுப்புப் பக்கத்திலேயே அட்மின் ஈமெயிலைக் கொடுத்துத் திறப்பு லிங்க் வாங்கவும் வழி உண்டு. ஆனால் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர் இணைப்பு) அமைக்காத தளங்களில் அந்த மெயில் ஸ்பாமுக்குப் போகும், அல்லது வரவே வராது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டும் பலிக்காவிட்டால் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, தளம் இருக்கும் ஃபோல்டரில் டபிள்யூபி-கன்டென்ட் (wp-content), அதனுள் பிளகின்ஸ் வரை போங்கள். வேர்ட்ஃபென்ஸ் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் '-1' சேர்த்து, லாகின் செய்யுங்கள். டாஷ்போர்டு வந்தவுடன் பிளகின்ஸ் பக்கத்தைத் திறக்காமல், முதலில் ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால், ஃபைலைக் காணவில்லை என்று வேர்ட்பிரஸ் அந்தப் பிளகினை டிஆக்டிவேட் செய்துவிடும். மறுபடி ஆக்டிவேட் செய்ய மறந்தால் தளம் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். பெயர் திரும்பியதும் பிளாக்கிங் பக்கத்தில் உங்கள் ஐபியை நீக்குங்கள்.

அழிக்கக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம், தளத்தின் வேர் ஃபோல்டரில், அதாவது டபிள்யூபி-கன்டென்ட் இருக்கும் அதே இடத்தில் உள்ள வேர்ட்ஃபென்ஸ்-வாஃப் (wordfence-waf.php) என்ற பிஎச்பி ஃபைல். ஃபயர்வாலை முழுமையாக இயக்கியிருந்தால், ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் அதைத்தான் முதலில் படிக்கும்படி யூசர் ஐஎன்ஐ (.user.ini) என்ற அமைப்பு ஃபைலில் ஆட்டோ பிரிபெண்ட் (auto_prepend_file) என்று ஒரு வரி இருக்கும். வாஃப் ஃபைல் போய், வரி மட்டும் நின்றால் தளம் முழுக்க ஃபேடல் எரர். ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? அதே பெயரில் ஒரு வெற்று ஃபைலை உருவாக்குங்கள், தளம் உடனே எழுந்துவிடும். வரியை நீக்குவதும் சரிதான். ஆனால் சர்வர் யூசர் ஐஎன்ஐ ஃபைலை வழக்கமாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் புதிதாகப் படிக்கும் என்பதால் 5 நிமிடம் பொறுக்க வேண்டும்.

பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கப்படும், போன் ஆப் தரும் இரண்டடுக்குக் குறியீடு தப்பு என்று வந்தால், முதலில் போனின் கடிகாரத்தைத் தானியங்கி நேரத்துக்கு மாற்றுங்கள். அந்த 6 இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே பிறக்கிறது. போனே தொலைந்துவிட்டால், அமைத்தபோது கிடைத்த 5 மீட்புக் குறியீடுகளில் ஒன்று போதும். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும்.

வேறு பிளகின் வைத்திருப்பவர்களுக்கு: சாலிட் செக்யூரிட்டியின் ஃபோல்டர் இன்னும் 'பெட்டர்-டபிள்யூபி-செக்யூரிட்டி' என்ற பழைய பெயரில்தான் இருக்கும். ஆல் இன் ஒன் செக்யூரிட்டி எச்டிஅக்சஸிலும் விதிகளை எழுதிவைக்கும், அதனால் ஃபோல்டர் பெயரை மாற்றினாலும் தடை நீடிக்கலாம். லிமிட் லாகின் அட்டெம்ட்ஸ் ரீலோடட் என்றால், இயல்பான அமைப்பில் 4 தவறுக்கு 20 நிமிடப் பூட்டு. காத்திருப்பதே எளிது.

உள்ளே வந்த பிறகு காரணத்தைத் தேடாவிட்டால் நாளை மறுபடி பூட்டு விழும். கிளவுட்ஃப்ளேர் வழியாக வரும் தளமென்றால், வேர்ட்ஃபென்ஸில் பார்வையாளரின் ஐபியை எங்கிருந்து எடுப்பது என்ற அமைப்பைக் கிளவுட்ஃப்ளேர் ஹெடருக்கு (உண்மையான ஐபியைச் சொல்லி அது அனுப்பும் குறிப்புக்கு) மாற்றுங்கள். இல்லையென்றால் கிளவுட்ஃப்ளேரின் ஐபியே எல்லோருடைய ஐபியாகத் தெரிந்து, எவனோ ஒருவன் செய்த தாக்குதலுக்கு உங்களுக்கும் வாசகர்களுக்கும் சேர்த்துத் தடை விழும். போனில் உள்ள வேர்ட்பிரஸ் ஆப் பழைய பாஸ்வேர்டை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் ஐபியை அலவ்லிஸ்டில் (தடுக்கக் கூடாதவர்களின் பட்டியலில்) சேர்ப்பது நிலையான ஐபி உள்ளவர்களுக்கு மட்டும். மொபைல் இணைப்பில் ஒரே ஐபியைப் பலர் பகிர்கிறார்கள். அதைச் சேர்த்தால் அத்தனை பேருக்கும் ஃபயர்வால் வழிவிடும்.