110 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கிரேடியன்ட் சுருள்

எம்.ஆர்.ஐ. படத்தில் எந்தச் சைகை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டுவது கிரேடியன்ட் சுருள். நடுவில் சுழியம், ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும் நேர்கோட்டுக் காந்தப்புலம்: அதற்கு வேண்டியது இவ்வளவே. கும்பகோணத்தில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கு இதைக் குழாயின் நீள அச்சுக்கான சுருளில்தான் தொடங்கிச் சொல்லித் தருகிறேன். 110 மி.மீ. பி.வி.சி. குழாயும், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பியும் போதும்.

முதலில் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் செல்லும் இரண்டு வளையங்களை ஆரத்தின் √3 மடங்கு இடைவெளியில் வைப்பது மாக்ஸ்வெல் ஜோடி. 55 மி.மீ. ஆரத்துக்கு இடைவெளி சுமார் 95 மி.மீ.; ஒரு சுற்றுக்கு, ஓர் ஆம்பியருக்கு, மீட்டருக்கு 0.27 மில்லிடெஸ்லா கிடைக்கும். குழாயில் எந்த இடத்தில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று இனி நீங்கள் போடும் கணக்கு இதைவிட அகலமான நேர்கோட்டைத் தர வேண்டும்.

குழாயின் ஒரு பாதியில் 5 மி.மீ.க்கு ஒன்றாக 20 வளைய இடங்களைக் குறியுங்கள். மறுபாதியில் அதே மின்னோட்டம் எதிர்த்திசையில் செல்வதால் கண்டுபிடிக்க வேண்டிய மின்னோட்டங்கள் இருபதுதான். அச்சில் நடுவிலிருந்து 25 மி.மீ. வரை இலக்குப் புள்ளிகளை, அதாவது புலம் நேர்கோட்டில் இருக்க வேண்டிய இடங்களை, வையுங்கள். அச்சுக்கு வெளியே தனியாகப் பொருத்த வேண்டியதில்லை. அச்சுச் சமச்சீர் உள்ள புலத்துக்கு, அச்சில் உள்ள மதிப்புகளே சுற்றுப்புறத்தையும் தீர்மானித்துவிடும். ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு புள்ளியிலும் தரும் புலத்தைப் மின்னோட்டத்திலிருந்து காந்தப்புலத்தைக் கணக்கிடும் பயோ-சவார் விதிப்படி எழுதினால் அணி (எண்களின் அட்டவணை) தயார். பைத்தானில் பத்து வரி.

இனிதான் கவனம் வேண்டும். இந்த அணியை அப்படியே, பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் மீச்சிறு வர்க்க முறையில் தீர்த்தால், அடுத்தடுத்த வளையங்களில் மாறி மாறிக் கூட்டலும் கழித்தலுமாகப் பெரும் மின்னோட்டங்கள் வந்து நிற்கும். பொருத்தம் அபாரமாக இருக்கும். கம்பியில் சுற்ற முடியாது. பக்கத்துப் பக்கத்து வளையங்கள் நடுவில் ஏறக்குறைய ஒரே புலத்தைத் தருவதால், அவற்றின் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கு ஓடுகிறது. ஆகவே பிழையின் வர்க்கத்தோடு, லாம்டா என்ற எண்ணால் பெருக்கிய மின்திறன் இழப்பையும் கூட்டி, அந்தத் தொகையைக் குறையுங்கள். எல்லா வளையங்களுக்கும் ஒரே சுற்றளவு, ஒரே மின்தடை. எனவே சமன்பாட்டில் அலகு அணியை லாம்டாவால் பெருக்கிச் சேர்த்தால் போதும். லாம்டாவை மிகச் சிறியதிலிருந்து பத்துப் பத்து மடங்காக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் மின்னோட்ட வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். நேர்கோட்டுப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாத மிகப் பெரிய லாம்டாவே என் தேர்வு. மருத்துவக் கருவியில் மின்திறனுக்குப் பதில் பெரும்பாலும் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் மின்தூண்டலைக் குறைப்பார்கள், ஏனெனில் அங்கே புலம் மிக வேகமாக மாற வேண்டும்.

அடுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி மின்னோட்டங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பத்துச் சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கின் நடுமதிப்பு எந்த இடத்தில் வருகிறதோ அங்கே ஒரு சுற்று. கூட்டுத்தொகை இறங்கும் பகுதியில் சுற்றின் திசையை மாற்றுங்கள். கம்பியின் தடிமன் 1.2 மி.மீ.; இரண்டு சுற்றுகள் அதைவிட நெருங்கினால் லாம்டாவை உயர்த்துங்கள். இந்த இறுதி இடங்களை வைத்துப் புலத்தை மறுபடி கணக்கிடாமல் குழாயில் கை வைக்காதீர்கள்.

சோதிக்கக் கைபேசியின் காந்தமானி போதும். ஓர் ஆம்பியர் செலுத்தி அளந்து, திசையை மாற்றி மீண்டும் அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். நம் பகுதியில் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கும் புவிப்புலம் கழிந்துவிடும்.

குழாயின் நீளத்துக்குக் குறுக்கான திசைகளில் புலத்தை மாற்றும் குறுக்கு அச்சுச் சுருள்களில் மின்னோட்டம் பரப்பெங்கும் வளைந்தோடும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு எனப் பிரிந்தாலும் வந்த நீர்தான் போகிறது, மின்னோட்டமும் அப்படியே. அந்த நிபந்தனையைத் தானாகவே நிறைவேற்றும் ஓட்டச் சார்பைத் தெரியாததாக எடுத்துக்கொண்டு தீர்த்தால், அதன் சமமதிப்புக் கோடுகளே கம்பியின் பாதை. வேண்டிய புலத்திலிருந்து மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க ராபர்ட் டர்னர் 1986இல் வெளியிட்ட இலக்குப் புல முறை உருளைக்குப் பொருந்தும். வேறு வடிவங்களுக்குப் பரப்பை முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். லாம்டாவைத் தேர்வு செய்யும் வேலை அங்கும் இதேதான்.