தெருவில் வேகத்தடை, வாசலில் நோ பார்க்கிங்: குடியிருப்போர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் போக்குவரத்து போலீஸ் 2023 நவம்பரில் வேக வரம்புகளைத் திருத்தியபோது, குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியாக இருந்தாலும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் என்று அறிவித்தது. நல்ல வரம்பு. ஆனால் மடிப்பாக்கத்திலோ கொளத்தூரிலோ ஒரு உள்தெருவில் சாயங்காலம் நின்று பாருங்கள், அந்த எண்ணை நினைத்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். தெரு எவ்வளவு அகலமாகக் கண்ணுக்குப் படுகிறது, திருப்பம் எப்படி இருக்கிறது, ஓரத்தில் என்ன நிற்கிறது, இவற்றைப் பார்த்துத்தான் கால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது. ஓரத்தில் நிற்கும் காரும் நடுவில் பறக்கும் பைக்கும் ஒரே இடத்தைப் பங்கு போடுகின்றன. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

30 என்பது ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க நமக்குச் சுமார் ஒரு நொடி ஆகும். 30 வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டர் போயிருக்கும், பிறகு இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். 50 வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள்ளேயே 14 மீட்டர் போய்விடும். முதல் வண்டி நின்ற இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது வண்டிக்காரர் இன்னும் பிரேக்கே போட்டிருக்க மாட்டார். சங்கக் கூட்டத்தில் “கொஞ்சம் வேகமாகத்தானே வந்தார்” என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் காட்டுங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் வேகத்தடை

தெருவில் ஒரு விபத்து நடக்கும். மறுவாரம் ஒரு மூட்டை சிமென்ட், கொஞ்சம் ஜல்லி, இரண்டு கொத்தனார்கள். காலையில் பார்த்தால் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கூரான மேடு. மேலே பெயின்ட் இல்லை, முன்னால் பலகை இல்லை, பக்கத்துக் கம்பத்தில் தெருவிளக்கும் எரியவில்லை. அன்று ராத்திரி அதில் ஏறித் தூக்கிப் போடப்படுவது பெரும்பாலும் வேகமாக வந்த ஆளாக இருக்காது. பைக்கில் பின்னால் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவாக இருக்கும்.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்றே ஐஆர்சி 99 என்ற வழிகாட்டி நெறிமுறையை வைத்திருக்கிறது. அதன்படி வழக்கமான வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். ஏறுவதும் இறங்குவதும் தெரியாத அளவுக்கு மெல்லிய வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் சிரமமில்லாமல் தாண்டிவிடுவார், அதற்கு மேல் வந்தால் உடம்பு குலுங்கும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே ராத்திரியில் மினுங்கும் கோடுகள், இரண்டும் கட்டாயம். இந்த 3.7 மீட்டரையும் நம் தெருவில் போடும் ஒன்றரை அடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூரான மேட்டில் எல்லாரும் ஊர்ந்துதான் ஆக வேண்டும். அப்புறம் இழந்த நேரத்தைப் பிடிக்க முறுக்குவார்கள். அந்தச் சத்தம் முழுக்க மேட்டை ஒட்டிய வீட்டுப் படுக்கையறைக்குத்தான் போகும். பெரிய டயர் வைத்த எஸ்யுவி அதே மேட்டை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைக்கும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும் முதுகு நொறுங்கும்.

மழைத்தண்ணீரையும் யோசிக்க வேண்டும். தெருவின் குறுக்கே சுவரிலிருந்து சுவர் வரை மேடு போட்டால், ஐப்பசி மழையில் அது ஒரு சின்ன அணை. சரி, தண்ணீர் போக ஓரத்தில் ஒரு அடி இடைவெளி விடலாம் என்றால் அந்தச் சந்துக்குள் பைக்குகள் நுழையும். தெருவில் நடக்கிறவர்கள் ஒதுங்குகிற இடமும் அதே ஓரம்தான். ஆகவே இடைவெளி விடுகிற இடத்தில் பைக் புகாதபடி ஒரு குட்டைத் தூண் நட்டுவிடுவது நல்லது. போல்ட் போட்டு இறுக்கும் ரப்பர் வேகத்தடை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாரி ஏறி ஏறி ஒரு துண்டு பெயர்ந்துபோனதும், தார்ச்சாலையில் நீட்டிக்கொண்டு நிற்பது போல்ட்டின் தலை. பராமரிக்க ஆள் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

ஒரே ஒரு வேகத்தடை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. நீளமான நேர்த்தெருவில் 100, 120 மீட்டருக்கு ஒன்று என்று தொடராக இருந்தால்தான் நடுவில் வேகம் ஏறாது. இதை மாநகராட்சி வழியாக, போக்குவரத்து போலீஸ் ஒப்புதலோடு செய்யுங்கள். நீங்களே போட்ட மேட்டில் யாராவது விழுந்தால் சட்டப்படி யார் பதில் சொல்வது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தெருவைக் காலி செய்தால் வேகம் கூடும்

இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நின்றிருந்த கார்களையெல்லாம் அகற்றி, தெருவை ஒருவழியாகவும் ஆக்கிவிட்டால் அந்தத் தெரு ஓடுதளம் ஆகிவிடும். எதிரே வண்டி வராது, ஓரத்தில் தடங்கல் இல்லை, பிறகு எதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்? பக்கத்து மெயின் ரோட்டில் சிக்னலுக்குக் காத்திருக்க மனமில்லாதவர்களுக்குக் கூகுள் மேப்ஸும் உங்கள் தெருவைக் காட்டிக்கொடுக்கும்.

அதற்காக இரண்டு பக்கமும் நிறுத்த விடலாமா? அகலத்தைப் பாருங்கள். இருபது அடித் தெரு என்றால் ஆறு மீட்டர். சுவரிலிருந்து விடும் இடைவெளியும் கண்ணாடியும் சேர்த்தால் ஒரு காருக்கு இரண்டு மீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் மிச்சம் இரண்டு மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 108 வந்தாலும் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். இருபது அடித் தெருவில் ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்தலாம், இதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. முப்பது அடித் தெருவில் கொஞ்சம் மூச்சு விடலாம். அதுவும் வீட்டுச் சாய்தளங்களும் தோட்டத்துக் கம்பிவேலியும் தெருவுக்குள் நீளாமல் இருந்தால்தான்.

ஒரு பக்கப் பார்க்கிங்கிலேயே வேகத்தையும் குறைக்க ஒரு வழி உண்டு. தெருவின் முதல் பாதியில் இடது பக்கம், அடுத்த பாதியில் வலது பக்கம் என்று மாற்றிவிட்டால் நேர்க்கோட்டில் பறக்க முடியாது, வண்டி வளைந்துதான் போக வேண்டும். செலவு கொஞ்சம் வெள்ளை பெயின்ட் மட்டும்தான். மாறுகிற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் காலியாக இருக்க வேண்டும். நின்றிருக்கும் இரண்டு கார்களின் நடுவிலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு வரும் குழந்தையை ஓட்டுநர் பார்க்கவே முடியாத இடங்களில் அதுவும் ஒன்று.

இதைவிட மோசம் தெருமுனை. முனையில் ஒரு வேன் நின்றுவிட்டால், திரும்புகிறவருக்கு நடக்கிறவர் தெரியமாட்டார். தண்ணீர் லாரி திரும்ப முடியாமல் நின்று ஹாரன் அடிக்கும். முனை வளைவு பெரிதாக, வழவழவென்று இருந்தால் பைக்குகள் பிரேக் தொடாமலே திரும்பும். முனையில் நடைபாதையைக் கொஞ்சம் வெளியே இழுத்து, குட்டைத் தூண்கள் வைத்து வளைவைக் குறுக்கிவிட்டால் அங்கே காரும் நிற்காது, திரும்பும் வேகமும் குறையும். கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், வேகத்தடைக்கு முன்னால் இதைக் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வாசல் யாருடையது?

“கேட் முன் வண்டி நிறுத்தாதே, மீறினால் காற்று பிடுங்கப்படும்.” இந்தப் பலகை இல்லாத தெருவே கிடையாது. பக்கத்திலேயே சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா, அதன் நடுவில் ஒரு இரும்புக் குழாய், கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பாறாங்கல். கோபம் நியாயமானது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கேட்டை மறித்து ஒரு கார் நின்றால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். பிறர் வாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது, புகார் செய்ய உரிமையும் இருக்கிறது. ஆனால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய தெரு உங்களுடையது ஆகாது. அங்கே கல்லை வைத்து இடம் பிடிப்பது ஆக்கிரமிப்பு, ராத்திரியில் பைக்கில் வருகிறவர்களைக் கவிழ்க்கும் பொறியும்கூட. டயரில் கைவைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மாதக்கணக்காக அசையாத வண்டி வேறு ரகம். காற்றிறங்கிய டயர், அடியில் சருகு, உறையின் மேல் பூனை. அது நிற்பது பெரும்பாலும் பாதாளச் சாக்கடை மூடிக்கோ மழைநீர் வடிகால் தொட்டிக்கோ மேலேதான். தூர்வார வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடக்கும் வண்டியை அகற்றப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. சொந்தக்காரரோடு சண்டை போடுவதைவிட, வண்டி எண்ணோடும் தேதியிட்ட படத்தோடும் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும். சென்னையில் மாநகராட்சியின் 1913-க்கும் புகார் சொல்லலாம்.

அடுக்குமாடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “விசிட்டர்ஸ் பார்க்கிங் வெளியே” என்று கேட்டில் எழுதி வைப்பது, உங்கள் கட்டடத்தின் தேவையைத் தெருவின் தலையில் கட்டுவது. கீழ்த்தளத்தில் பழைய கட்டிலும் மீட்டர் பெட்டிப் பக்கத்தில் அட்டைப் பெட்டிகளும் கிடக்க, இரண்டாவது கார் மட்டும் தெருவில் வெயில் காயும். ஜப்பானில் கார் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். 1962-லேயே அதற்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல், கீழ்த்தளத்தைக் காலி செய்வதையும், ராத்திரியில் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபம், பள்ளி வளாகங்களை மாத வாடகைக்குக் கேட்பதையும் சங்கங்கள் இப்போதே செய்யலாம்.

தெருவை மூடுவது, அடுத்த தெருவில் தள்ளுவது

பொதுத்தெருவில் கேட் போட்டு ராத்திரி பூட்டுவதைச் செய்யாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடும் ஐந்து நிமிடத்தில் ஒரு உயிர் போகலாம். உங்கள் ஒரு தெருவை மட்டும் சரிசெய்தால் வண்டிகள் இணைத்தெருவுக்குப் போகும், அங்கேயும் குழந்தைகள் விளையாடுகிறார்கள். நான்கைந்து தெருக்கள் சேர்ந்து, வார்டுக்குள் மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபையிலும் வார்டு கவுன்சிலரிடமும் ஒரே மனுவாகக் கொடுங்கள்.

மனுவில் “அதிவேகமாகச் செல்கிறார்கள்” என்று மட்டும் எழுதினால் அது ஃபைலில் தூங்கும். தெருவில் 50 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். 50 மீட்டரை 6 நொடியில் கடந்தால் சரியாக மணிக்கு 30. நான்கு நொடிக்குள் கடந்தால் 45-க்கு மேல். பள்ளி விடும் நேரத்தில் ஒரு மணி நேரம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் எடுங்கள். இரண்டு பட்டியலும் வேறு வேறு கதை சொல்லும். பகலில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன, ராத்திரி எத்தனை என்பதையும் எண்ணுங்கள். பகலில் மட்டும் நிரம்பினால் பக்கத்துக் கடைக்கோ கிளினிக்குக்கோ வருகிறவர்கள், ராத்திரியில் நிரம்பினால் நாம்தான்.

சிமென்டில் கட்டுவதற்கு முன்னால், போலீஸ் அனுமதியோடு கூம்புகளையும் மணல் மூட்டைகளையும் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். அதே 50 மீட்டரை மறுபடி அளங்கள். குப்பை வண்டி ஓட்டுகிறவரிடமும் ஸ்கூல் வேன் டிரைவரிடமும் எங்கே திரும்ப முடியவில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்கிற இடத்தில் மூட்டையை நகர்த்திவிட்டு, அப்புறம் வரைபடத்தை மாநகராட்சிப் பொறியாளரிடம் கொடுங்கள்.