கதையை முறிகண்டியில் தொடங்குங்கள்

மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாய்க் கதை பேசி ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில் கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர்களே, முதல் காட்சியை வட இலங்கையின் வன்னியில், ஏ9 நெடுஞ்சாலையோரம் இருக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வையுங்கள். வழக்கமாக, மந்திரவாதி, கள்ளன், வைத்தியர், வேட்டைக்காரன் என்று நாலு பேர் ஏன் ஒன்றாய்ச் சேர்ந்தார்கள் என விளக்குவதிலேயே ஆட்டத்தின் முதல் அரை மணித்தியாலம் போய்விடும். ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் அங்கே நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவது வன்னியில் எல்லாருக்கும் தெரியும். முன்பின் அறியாதவர்கள் சந்திக்க வேறு காரணம் தேவையில்லை. வரைபடமும் கீற வேண்டாம்: வடக்கே கிளிநொச்சி, தெற்கே மாங்குளம், பக்கத்தில் இரணைமடுக் குளம். முதல் புதிரும் கைவசம் இருக்கிறது. தேங்காய் உடைக்க விடாமல் பஸ்ஸை எடுக்கச் சொல்லி ட்ரைவரை நெருக்குகிற அந்தப் பயணி யார்?

விண்வெளிக் கதைக்கு இது ஒத்துவராது. வெளிநாட்டில் வளர்ந்து, இந்த வீதியைக் காணாத பிள்ளைகளோடு ஆடும்போதும் விடுங்கள். மிச்சம் பிடித்த நேரம் இடத்தை விளக்கவே போய்விடும். சண்டையை மட்டும் கோயிலுக்குள் வைக்காதீர்கள், வீதிக்கு இறக்குங்கள். அடுத்த அறையில் அம்மம்மா கேட்டுக்கொண்டிருப்பார்.