கொல்லிமலை இறக்கத்தில் சாய்ந்த கார்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் அது உறைத்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் முதலில் ஒரு பக்கம் சாயும், அப்புறம்தான் வளையும். பின் சீட்டில் அம்மாவுக்கு வாந்தி. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார் மெக்கானிக். மாற்றினேன், பலனில்லை. காசு போனதுதான் மிச்சம்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து வேகத்தடை ஏறினால் சத்தமில்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்'. இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் எஃகுக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். அது முறுக்கப்படுவது அப்போதுதான். அதன் முனைகளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். மூட்டு லொடலொடவென்று ஆடியது. அந்த இடைவெளி தீரும் வரை பார் வேலையே செய்யாது, கார் சாய்ந்துகொண்டே போகும்.

இரண்டு லிங்க்கையும், பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் புஷ்களையும் மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் பார் முறுக்கிக்கொண்டு போல்ட் வராமல் படுத்தும். முன்பக்கம் முழுவதையும் சமமாகத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திக் கழற்றினேன்.

தடித்த பாராகப் போடலாமே என்றான் நண்பன். வேண்டாம் என்றேன். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 20 மி.மீ. பாரை 22 ஆக்கினாலே சுமார் 46% கூடுதல். முன்னால் மட்டும் அப்படி விறைத்தால், வளைவில் முன்சக்கரங்கள் சீக்கிரம் பிடி இழந்து கார் வெளிப்பக்கமாக அகலும். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரத்தின் உதறல் மறுசக்கரத்துக்கும் தாவும்.

போன மாதம் மறுபடி கொல்லிமலை. அம்மா தூங்கிவிட்டார்.